அபேட்சகரின் வாக்குறுதியும் சபையின் பெட்டகமும்

மாகாண சபைத் தேர்தல் என்னும் பேச்சு எழும்போதெல்லாம் நம் அங்கத்தவர்கள் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "எந்த அபேட்சகரின் பொருளாதாரக் கொள்கை நெசவாளனுக்கும் தோட்டக்காரனுக்கும் நன்மை தரும்?" என்பதே அது. கூட்டுறவு இயக்கம் கட்சி சாராதது. ஒரே சங்கத்தின் பங்குப் பத்திரத்தை வீட்டுக்கு வாக்களிப்பவரும் வைத்திருக்கிறார். வெற்றிலைக்கு வாக்களிப்பவரும் வைத்திருக்கிறார். ஆகையால் இன்னாருக்கு வாக்களியுங்கள் என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை. ஆயினும் ஒரு வாக்குறுதியை எவ்வாறு நிறுத்துப் பார்ப்பது என்று சொல்வது நம் கடமையே ஆகும். நூற்சிட்டம் வாங்கும்போது அவிழ்த்து இழை பார்ப்பவர்கள் நாம். வெங்காயம் விற்கும்போது தராசின் முள்ளை விட்டுக் கண்ணை எடுக்காதவர்கள் நாம். வாக்கை மாத்திரம் நிறுக்காமற் கொடுப்பது ஏனோ?

நிறுத்துப் பார்ப்பதற்குக் கைக்கு எட்டிய உதாரணம் ஒன்று உண்டு. அது 2013 ஆம் ஆண்டு செப்டெம்பர் 21 ஆம் திகதி நடைபெற்ற வடமாகாண சபைத் தேர்தல். 1987 இல் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் மாகாண சபைகளைத் தோற்றுவித்தது. 1988 இல் வடக்கும் கிழக்கும் இணைந்த சபை ஒன்று அமைந்தபோது வடக்கில் வாக்கெடுப்பே நடைபெறவில்லை. அபேட்சகர்கள் போட்டியின்றித் தெரிவாயினர். 2006 இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பினால் இரு மாகாணங்களும் பிரிந்தன. எனவே வடபகுதி மக்கள் தங்கள் மாகாணத்துக்கென வாக்குச் சீட்டில் முதன்முதலாகப் புள்ளடி இட்டது 2013 இலேதான். அச்சபையின் ஐந்தாண்டுக் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் பல ஆண்டுகள் தேர்தல் இன்றியே கழிந்தன. புதிய தேர்தல் முறைக்கான எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்தில் தோற்கடிக்கப்பட்டதும், பழைய முறை சட்டப் புத்தகத்திலிருந்து முன்னரே நீங்கிவிட்டதும் அதற்குக் காரணங்கள்.

2013 இல் தெரிவு செய்யப்பட வேண்டிய ஆசனங்கள் 36. யாழ்ப்பாணத்துக்கு 16, வவுனியாவுக்கு 6, மன்னாருக்கும் முல்லைத்தீவுக்கும் ஐவைந்து, கிளிநொச்சிக்கு 4. வெற்றி பெறும் கட்சிக்கு மேலதிகமாக 2. முக்கிய போட்டி இருவருக்கிடையே நிகழ்ந்தது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தில் நின்றது. ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதியரசர் க. வி. விக்னேஸ்வரன் அதன் முதலமைச்சர் அபேட்சகர். ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவின் ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு வெற்றிலைச் சின்னத்தில் நின்றது. அமைச்சர் டக்ளஸ் தேவானந்தாவின் ஈழ மக்கள் சனநாயகக் கட்சி அதனோடு சேர்ந்திருந்தது. அவர் அக்காலத்தில் பாரம்பரியக் கைத்தொழில்கள், சிறுதொழில் முயற்சி அபிவிருத்தி ஆகியவற்றுக்கு அமைச்சர் என்பதை நெசவாளர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வாக்காளரில் நூற்றுக்கு 67 பேருக்கு மேல் வாக்களித்தனர். வீடு 30 ஆசனங்களையும், வெற்றிலை 7 ஆசனங்களையும், ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் ஓர் ஆசனத்தையும் பெற்றன.

யார் வென்றார் என்பது யாவரும் அறிந்தது. இருவரும் எதை விற்கக் கொண்டுவந்தார்கள் என்பதே இங்கு நம் ஆராய்ச்சி.

வெற்றிலைப் பக்கத்தார் கண்ணாற் காணக்கூடிய பொருள்களைக் காட்டினர். 'வடக்கின் வசந்தம்' என்னும் திட்டத்தின் பெயரால் நிகழ்ந்த வேலைகளை அவர்கள் எண்ணிச் சொன்னார்கள். ஏ-9 வீதி செப்பனிடப்பட்டது, மின்சாரக் கம்பம் காணாத கிராமங்களுக்கு மின்சாரம் வந்தது, பாலங்கள் எழுந்தன. தேர்தலுக்குச் சரியாக ஒரு வாரம் முந்தி, செப்டெம்பர் 14 ஆம் திகதி, இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கிளிநொச்சி காணாத புகையிரதம் அங்கே வந்து நின்றது. ஜனாதிபதியே அதிற் பயணஞ் செய்தார். கொழும்பில் ஆட்சி புரிவோரோடு ஒத்துப்போகும் சபையே நிதி பெறும், ஒத்துப்போகாத சபை கையை விரிக்கும் என்பது அவர்கள் வாதத்தின் சாரம்.

வீட்டுப் பக்கத்தார் வேறு விதமாகப் பேசினர். நிலம், சட்டம் ஒழுங்கு, நிதி ஆகியவற்றில் அதிகாரம் பெறாமல் எந்த அபிவிருத்தியும் நம்முடையதாகாது. இராணுவத்தின் வசமுள்ள காணிகள் உரியவர்களிடம் மீள வேண்டும். இலங்கை அரசாங்கத்தினதும், புலம்பெயர்ந்த தமிழரினதும், உலக நாடுகளினதும் துணையோடு வேலைவாய்ப்பை உண்டாக்கும் விரிவான அபிவிருத்தித் திட்டம் வகுக்கப்படும் என்பன அவர்களது விஞ்ஞாபனத்தின் பொருளாதாரப் பகுதி. பதின்மூன்றாம் திருத்தம் தருவது போதாது என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்போருக்கு ஒன்று புலனாகும். ஒரு சாரார் மாகாண சபைக்குச் சொந்தமல்லாத பொருள்களைக் காட்டி வாக்குக் கேட்டனர். மற்றச் சாரார் மாகாண சபையின் கைக்கு இன்னும் வராத பொருள்களைப் பெற்றுத் தருவதாகக் கூறி வாக்குக் கேட்டனர். சபையின் பெட்டகத்துள் ஏற்கெனவே கிடந்த பொருள்களைப் பற்றிய பேச்சு இரு மேடைகளிலும் மெலிந்தே இருந்தது. நம்மைப் பொறுத்தவரையில் இதுவே அத்தேர்தலின் பெருங்குறை.

புகையிரதம் மத்திய அரசாங்கத்தின் திணைக்களம். 'ஏ' தரத்து வீதியும் 'பி' தரத்து வீதியும் மத்தியின் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கு உரியவை. மாகாணத்துக்கு உரியவை 'சி', 'டி' தரத்து வீதிகள். அதாவது தோட்டத்திலிருந்து சந்தைக்குப் போகும் வழியில் மாட்டுவண்டியும் லொறியும் முதலிற் குலுங்கும் அந்த உள்வீதிகள். ஏ-9 வீதி நன்றாயிருப்பது நமக்கு இலாபமே; தம்புள்ளைக்குப் போகும் லொறியின் வாடகை அதனாற் குறைந்ததை எவரும் மறுக்க மாட்டார். ஆனால் மாகாண சபைக்கு நிற்பவர் ஒருவர் ஏ-9 வீதியைத் தன் கணக்கில் எழுதுவது, பக்கத்துச் சங்கத்தின் இலாபத்தைத் தன் ஐந்தொகையிற் காட்டும் முகாமையாளரின் செயல் போன்றது. கணக்காய்வாளர் அதனை அனுமதிப்பாரோ?

இனி, சபையின் பெட்டகத்தைத் திறந்து பார்ப்போம். அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் மூன்று நிரல்கள் உள்ளன: மாகாண சபை நிரல், ஒதுக்கிய நிரல், ஒருங்கிய நிரல் என்பன அவை. மாகாண சபை நிரலிலே விவசாயமும், விவசாய விரிவாக்கமும், சிறு நீர்ப்பாசனக் குளங்களின் திருத்தமும், கால்நடை வளர்ப்பும், கிராம அபிவிருத்தியும், கூட்டுறவும் உள்ளன. வரிகளிலும் சில மாகாணத்துக்கு உரியவை: மொத்த, சில்லறை விற்பனையின் மீதான புரள்வு வரி, மோட்டார் வண்டி அனுமதிக் கட்டணம், முத்திரைத் தீர்வை, மதுபான விற்பனை அனுமதி வரி முதலியன. இப்பட்டியலை வாசிக்கும்போது பெட்டகம் நிறைந்திருப்பதாகவே தோன்றும்.

ஆனால் திறப்பு யார் கையில்? மாகாணங்கள் தம் வருமானத்தில் பெரும்பகுதியாக எண்ணியிருந்த புரள்வு வரி 2011 ஆம் ஆண்டு தொடக்கத்தில் எல்லா மாகாணங்களிலும் நீக்கப்பட்டது. அதற்கு ஈடாக, மத்திய அரசாங்கம் அறவிடும் 'தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி'யில் மூன்றில் ஒரு பங்கு மாகாணங்களுக்கு என ஏற்பாடாயிற்று. அவ்வரியும் 2019 டிசெம்பரில் ஒரேயடியாக ஒழிக்கப்பட்டது. ஆளும் கட்சியின் கையிலிருந்த மாகாணங்களுக்கும் இதே கதிதான் நேர்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். கொழும்போடு ஒத்துப்போனால் நிதி பெருகும் என்னும் வாதம் இங்கே சற்றுத் தளர்கின்றது. மாகாணத்தின் செலவில் பெரும்பகுதி நிதி ஆணைக்குழுவின் சிபாரிசின்மேல் மத்தியிலிருந்து வரும் கொடைகளிலேயே நடக்கின்றது. அதிலும் ஆசிரியர், வைத்தியத்துறையினர் ஆகியோரின் சம்பளம் போக எஞ்சுவது சிறிது. மூலதன வேலைக்கு மிஞ்சும் அந்தச் சிறிதைக் கொண்டே எந்த அபேட்சகரும் தன் வாக்குறுதிகளை நிறைவேற்ற வேண்டும்.

நிதி சம்பந்தமான நியதிச்சட்டம் ஒன்றைச் சபையிற் கொண்டுவருவதற்கு ஆளுநரின் சிபாரிசு வேண்டும். ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. வடமாகாண சபை முதலமைச்சர் நிதியம் ஒன்றை அமைத்து, புலம்பெயர்ந்தோரின் பணத்தை அதன் வழியாகப் பெற எண்ணியது. அந்த நிதியம் இயங்காமலே சபையின் காலம் முடிந்தது. வீட்டுப் பக்கத்தாரின் பொருளாதாரத் திட்டத்தில் பெருந்தூணாக நின்றது புலம்பெயர்ந்தோரின் துணை. அத்தூணை நாட்டுவதற்கு வேண்டிய குழியைத் தோண்டும் அதிகாரம் சபைக்கு இருக்கவில்லை. நல்ல எண்ணத்தை நாம் குறை கூறவில்லை. ஆனால் தேர்தல் மேடையில் "இதற்கு ஆளுநர் இசையாவிடில் என்ன செய்வீர்?" என்று ஒருவர் எழுந்து கேட்டிருந்தால், வாக்காளரின் எதிர்பார்ப்பு அளவோடு நின்றிருக்கும்.

நிலத்தின் கதையும் இதனோடு சேர்ந்ததே. 2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிக்கும் அறிவித்தல் ஒட்டப்பட்டது. அது வெறுங்காணியன்று, தலைமுறை தலைமுறையாகக் குப்பையும் எருவும் இட்டுப் பண்படுத்திய செம்மண் தோட்டம். ஒரு பரப்புச் செம்மண்ணில் எத்தனை அந்தர் வெங்காயம் விளையும் என்பதை நம் அங்கத்தவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. காணியை மீளக் கேட்பது அரசியல், வீதி போடுவது பொருளாதாரம் என்று அக்காலத்திற் சிலர் பிரித்துப் பேசினர். நிலமிழந்து நலன்புரி முகாமில் இருந்த தோட்டக்காரனுக்கு இப்பிரிவினை விளங்கியிராது. இவ்விடயத்தில் வீட்டுப் பக்கத்தாரின் வாதமே பொருளாதார வாதம் என்பது நம் கருத்து. எனினும் தேர்தல் முடிந்து ஐந்தாம் நாள், செப்டெம்பர் 26 ஆம் திகதி, உயர் நீதிமன்றம் வேறொரு வழக்கிலே தீர்ப்பளித்து, அரச காணிகள் மத்தியின் உடைமையே, மாகாண சபையின் உடைமையல்ல என்று அறுதியிட்டது. வலிகாமத்துக் காணிகளில் ஒரு பகுதி 2015 முதல் சிறிது சிறிதாக விடுவிக்கப்பட்டபோதும் அது மத்தியின் தீர்மானத்தாலேயே நிகழ்ந்தது.

நம் தறிக்கும் தோட்டத்துக்கும் மிக நெருங்கிய விடயத்துக்கு இனி வருவோம். வெங்காயத்தின் விலையை நிருணயிப்பவர் யார்? சுன்னாகம் சந்தையில் ஏலங் கூறுபவரா? திருநெல்வேலிச் சந்தைத் தரகரா? அவர்கள் அன்றைய விலையைச் சொல்பவர்களே. இறக்குமதி வெங்காயத்தின் மீது இடப்படும் விசேட வியாபாரப் பண்ட அறவீடே விலைக்கு அடித்தளம். 2007 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நிதி அமைச்சர் வர்த்தமானியில் ஓர் அறிவித்தல் வெளியிட்டால் அந்த அறவீடு ஏறும். இன்னோர் அறிவித்தலால் இறங்கும். நம் அறுவடை தொடங்கும் வாரத்தில் அது இறங்கினால், கிழங்கும் வெங்காயமும் தோட்டத்து வாயிலிலேயே கிடந்து மடியும்.

பழைய அங்கத்தவர்கள் இதற்குச் சாட்சி. 1970 முதல் 1977 வரை சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கம் உணவுப் பொருள் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது, யாழ்ப்பாணத்து மிளகாயும் வெங்காயமும் தென்னிலங்கைச் சந்தையை ஆண்டன. கல்வீடு கட்டியவர் பலர்; பிள்ளைகளை உயர் கல்விக்கு அனுப்பியவர் பலர். அதே ஆட்சி பல்கலைக்கழக அனுமதியிலே தரப்படுத்தலைப் புகுத்தி அப்பிள்ளைகளின் வழியை அடைத்தது என்பது வேறு கதை. அதனையும் மறந்துவிட முடியாது. 1977 இல் ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் அரசாங்கம் இறக்குமதிக் கதவைத் திறந்தது. தோட்டக்காரரின் சந்தை சுருங்கியது. நெசவாளர் பட்ட அடி அதனினும் கொடியது. மலிவான வெளிநாட்டுப் புடைவை கடைகளை நிரப்பிய சில ஆண்டுகளில், நாடெங்கும் நெசவுக் கூட்டுறவுச் சங்கங்களின் தறிகள் ஓய்ந்தன. அதுவரை சங்கத்தின் மூலம் நூல் பெற்று, சங்கத்தின் மூலமே துணி விற்றவர்கள் அவர்கள். இவ்வளவும் எந்த மாகாண சபையும் தோன்றுவதற்கு முன்னரே நிகழ்ந்தவை; சபை தோன்றியபின்னும் அதிகாரம் இடம் மாறவில்லை.

அண்மைக் காலத்து உதாரணம் 2021. அவ்வாண்டு மே மாதத்தில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்சவின் அரசாங்கம் இரசாயன உரத்தினதும் கிருமிநாசினியினதும் இறக்குமதியை ஒரே வர்த்தமானியால் தடை செய்தது. நவம்பரில் தடை நீங்கியது. அதற்குள் ஒரு போகத்தின் விளைச்சல் போயிற்று. அடுத்த ஆண்டில் ரூபாவின் மதிப்பு வீழ்ந்தபோது நூலும் சாயமும் நெசவாளனின் கைக்கு எட்டாத உயரத்துக்கு ஏறின. அக்காலத்தில் வடக்கிலே மாகாண சபையே இருக்கவில்லை. இருந்திருந்தால் தடுத்திருக்குமா? தடுத்திராது. ஆனால் விவசாயம் மாகாண நிரலில் உள்ள விடயம் என்று எழுந்து கேட்பதற்கு மக்கள் தெரிவு செய்த ஒரு மன்றமாவது இருந்திருக்கும்.

ஆகவே, "வெங்காயத்துக்கு நியாய விலை பெற்றுத் தருவேன்" என்று மாகாண சபை அபேட்சகர் ஒருவர் கூறினால், அவர் எவ்வழியாற் பெற்றுத் தருவார் என்று கேட்க வேண்டும். இறக்குமதி வரியால் என்று அவர் சொன்னால், அவர் நிற்கும் தேர்தல் அதுவன்று. அறுவடைக் காலத்திற் கொள்முதல் செய்து வைப்பதற்குக் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் களஞ்சியமும், கொள்முதல் முதலுக்கு மாகாண உத்தரவாதமும் தேடுவேன் என்று அவர் சொன்னால், அவர் நிரலைப் படித்தவர் என்று அறியலாம். அவ்வாறே நெசவாளரிடம் "நூல் விலையைக் குறைப்பேன்" என்பவரைவிட, மாகாணத் தொழிற்றுறைத் திணைக்களத்தின் நெசவு நிலையங்களில் எத்தனை தறி ஓடுகின்றது, மாகாணப் பாடசாலைகளும் வைத்தியசாலைகளும் வாங்கும் துணியில் எவ்வளவு கைத்தறியாக இருக்கலாம் என்று பேசுபவர் நமக்கு உபயோகமானவர். வைத்தியசாலைப் படுக்கை விரிப்புச் சிறு விடயம்தான். ஆயினும் அது சபையின் கையிலுள்ள விடயம்.

எல்லாக் கேள்விக்கும் விடை நிரலிற் கிடைக்கும் என்று நாம் சொல்லவில்லை. இரணைமடு நீர்ப் பிரச்சினையை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீர் கெட்டு வருகின்றது; நைத்திரேற்று மிகுந்துள்ளது. தோட்டக்காரராகிய நாம் அளவின்றி இட்ட உரமும் அதற்கு ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இரணைமடுக் குளத்திலிருந்து குடாநாட்டுக்குக் குடிநீர் கொண்டுவரும் திட்டத்துக்கு ஆசிய அபிவிருத்தி வங்கி 2010 இல் நிதி வழங்க இசைந்தது. கிளிநொச்சி நெற்செய்கையாளர் எதிர்த்தனர். சிறுபோகத்துக்கே நீர் போதாத குளத்திலிருந்து குழாய் போடுவது எவ்வாறு என்பது அவர்கள் கேள்வி. யாழ்ப்பாணத்தார் குடிக்க நீரின்றி எவ்வாறு இருப்பது என்பது இவர்கள் கேள்வி. இரு பக்கத்திலும் நம் அங்கத்தவர்களே இருந்தார்கள்.

மாகாண சபையின் வேலைக்கு இதனைவிடப் பொருத்தமான பிரச்சினை வேறு உண்டோ? ஒரே மாகாணத்துக்குள் இரண்டு மாவட்டங்களுக்கிடையே நீரைப் பங்கிடும் விடயம். தீர்ப்பதற்குக் கொழும்புக்குப் போக வேண்டிய அவசியம் மிகக் குறைவு. ஆனால் தேர்தல் மேடைக்கு இதைப்போல் வசதியற்ற பொருள் வேறில்லை. கிளிநொச்சியில் ஒன்றும் யாழ்ப்பாணத்தில் வேறொன்றும் சொல்லும் நாக்கு எக்கட்சியிலும் கிடைக்கும். பின்னர் சபை வேறு வழியை நாடிற்று. கடல்நீரை நன்னீராக்கும் யோசனை எழுந்தது. அதன்படி தாளையடியில் அமைந்த நிலையம் 2024 இலே திறக்கப்பட்டது. கடல்நீரை நன்னீராக்கும் செலவு குளத்து நீரின் செலவைவிட அதிகம். அதனை யார் ஏற்பது என்பதையும் ஒரு பொருளாதாரக் கொள்கை சொல்லியாக வேண்டும். நீரைப் பற்றி அபேட்சகர் ஒருவரிடம் கேட்கும்போது அவர் எந்த ஊரில் நின்று விடை சொல்கின்றார் என்பதையும் கவனித்தல் நன்று.

கடன் விடயத்தில் நாம் சற்று அழுத்தமாகவே பேச வேண்டியுள்ளது. 2012 இல் மத்திய அரசாங்கம் 'வாழ்வின் எழுச்சி' என்னும் சட்டமூலத்தைக் கொண்டுவந்தது. சமுர்த்தி முதலிய அமைப்புகளை ஒன்றாக்கி, கிராமந்தோறும் கடனும் சேமிப்பும் நடத்தும் பெரிய திணைக்களம் ஒன்றை நிறுவுவது அதன் நோக்கம். இது மாகாண சபைகளின் அதிகாரத்திற் கை வைப்பது என்றும், அவற்றின் இசைவு வேண்டும் என்றும் உயர் நீதிமன்றம் கருதியது. வடக்கிலே அப்போது சபை இல்லை. ஆளுநரே இசைவு அளித்தார். தெரிவு செய்யப்பட்ட சபையின் இடத்தை ஆளுநர் ஒருவர் நிரப்ப முடியாது என்று நீதிமன்றம் கூறியது. இறுதியில் 2013 ஜனவரியில் மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் பாராளுமன்றம் அதனைச் சட்டமாக்கியது. அதே மாதத்தில் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க பதவியிலிருந்து நீக்கப்பட்டார். சபை இல்லாமையின் விலை என்ன என்று கேட்பவர்களுக்கு இதனையே நாம் விடையாகக் காட்டுவோம்.

யுத்தத்தின் பின் வடக்கில் நுண்கடன் கம்பனிகள் வீடு வீடாக வந்தன. கிழமைதோறும் தவணை, வட்டியோ கண்ணைக் கட்டும். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுத்த பெண்கள் நம் நெசவு நிலையங்களிலும் உண்டு. நிலைமை முற்றி, 2018 இல் அரசாங்கமே வறட்சியுற்ற மாவட்டங்களிற் பெண்களின் ஓர் இலட்சம் ரூபா வரையிலான நுண்கடனைத் தள்ளுபடி செய்ய நேர்ந்தது. நம் சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்கள் இதே கிராமங்களில் இருந்தன. அவற்றிடம் முதல் போதாமையே குறையாக இருந்தது. கம்பனிகளை ஒழுங்கு செய்யும் அதிகாரம் மத்திக்கு உரியது. 2016 ஆம் ஆண்டு நுண்நிதியளிப்புச் சட்டமும் அதனிடமே உள்ளது. ஆனால் கூட்டுறவுச் சங்கங்களைப் பதிவு செய்தல், மேற்பார்வை செய்தல், கணக்காய்தல், கூட்டுறவுக் கல்வி அளித்தல், கூட்டுறவு ஊழியர் ஆணைக்குழு அமைத்தல் ஆகியன மாகாண நிரலின் 17 ஆம் இலக்கத்திலே எழுதப்பட்டுள்ளன. நமக்கென்றே வைத்த பெட்டி அது.

வடமாகாண சபை தன் ஐந்தாண்டில் நூற்றுக்கணக்கான தீர்மானங்களை நிறைவேற்றியது. நியதிச்சட்டங்கள் அவற்றோடு ஒப்பிட மிகச் சில. தீர்மானம் குரல், நியதிச்சட்டமே கருவி. போரினால் நொந்த மக்களின் குரலை உலகறியச் செய்தல் ஒரு சபையின் பணியன்று என நாம் கூறமாட்டோம். ஆயினும் 17 ஆம் இலக்கத்தில் உறங்கிய அதிகாரத்தை எழுப்புவதற்கு யாரும் தடை செய்திருக்கவில்லை என்ற மனக்குறை நமக்கு உண்டு. எதிர்க்கட்சி வரிசையில் இருந்தவர்களும் அதனை எழுப்பும்படி போதிய அளவில் வற்புறுத்தவில்லை.

தேர்தல் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2013 இல் நடைமுறையில் இருந்த விகிதாசார முறையிலே வாக்காளர் முதலிற் கட்சியைத் தெரிந்து, பின்னர் அதே பட்டியலில் மூவருக்கு விருப்பு வாக்கு அளிக்கலாம். யாழ்ப்பாண மாவட்டத்திலே ஒவ்வொரு பட்டியலிலும் 19 பெயர்கள். கட்சியைத் தெரிவதில் நம் அங்கத்தவர் பலருக்கு ஐயம் இருப்பதில்லை. இன உணர்வும் நீண்ட அனுபவமும் அதனைத் தீர்மானித்துவிடுகின்றன. அதில் நாம் தலையிட விரும்பவில்லை. ஆனால் அந்த 19 பேரில் எந்த மூவர் என்ற தெரிவிலே பொருளாதார அறிவுக்கு முழு இடம் உண்டு. சங்கப் பொதுக்கூட்டத்தில் ஐந்தொகையை வாசிக்கத் தெரிந்தவர் யார், 'சி' தர வீதிக்கும் 'ஏ' தர வீதிக்கும் வேறுபாடு அறிந்தவர் யார், மாகாண விவசாயத் திணைக்களமும் மத்தியின் கமநல சேவை நிலையமும் ஒரே தோட்டக்காரனை இரண்டு படிவம் நிரப்பச் செய்வதைத் தீர்க்க யோசனை உள்ளவர் யார் என்று பார்த்து அந்த மூன்று இலக்கங்களை இட்டவர்கள் மிகக் குறைவு. வருங்காலத் தேர்தல் முறை எதுவாயினும், ஒரு கட்சிக்குள்ளேயே அபேட்சகருக்கு அபேட்சகர் வேறுபாடு உண்டு என்பது மாறப்போவதில்லை.

தேர்தல் அறிவிக்கப்படும்போது ஒவ்வொரு சங்கமும் தன் பிரதேசத்தில் நிற்கும் எல்லாக் கட்சி அபேட்சகர்களையும் ஒரே மேடைக்கு அழைக்கலாம். கூட்டுறவு நடுநிலைமைக்கு அதனாற் பங்கம் இல்லை. ஒருவரை மாத்திரம் அழைத்தலே பங்கமாகும். பேச்சுக்கு ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடம். மீதி நேரம் முழுவதும் அங்கத்தவரின் கேள்விகளுக்கே. கேட்க விரும்பும் கேள்விகளை அங்கத்தவர்கள் தாளின் ஒரு பக்கத்தில் மாத்திரம் எழுதி, தம் சங்கச் செயலாளரிடம் முன்கூட்டியே கொடுத்தல் வேண்டும். தனிப்பட்ட வழக்குகளும் வேலைவாய்ப்புச் சிபாரிசுகளும் ஏற்றுக்கொள்ளப்படமாட்டா. அபேட்சகர்கள் அளிக்கும் விடைகளைச் செயலாளர்கள் கூட்டக் குறிப்பேட்டிற் பதிந்து, பிரதி ஒன்றை நமக்கு அனுப்பினால், கட்சி வேறுபாடின்றி அவற்றை இப்பத்திரிகையில் வெளியிடுவோம்.